கொல்கத்தாவை ஆற்றிலிருந்து பார்ப்பது எப்படி

"கொல்கத்தா போகிறேன், என்னென்ன பார்க்கலாம்" என்று யாராவது கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது "எந்தத் தேதியில் போகிறீர்கள், பக்கத்தில் அமாவாசையோ பௌர்ணமியோ வருகிறதா" என்றுதான். காளி கோயில் விசேஷத்தை மனதில் வைத்துக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் கேட்பது ஆற்றுக்காக.

அந்த ஊரில் வேலை நிமித்தமாக நான்கு வருடம் இருந்தேன். முதல் வருடம் எல்லோரையும் போல விக்டோரியா நினைவகம், பார்க் ஸ்ட்ரீட், மியூசியம் என்று சுற்றினேன். பார்த்தது எல்லாமே நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஊர் எனக்குப் பிடிபடவில்லை. ஏன் ரயில் நிலையம் ஊருக்கு வெளியே அக்கரையில் இருக்கிறது, ஏன் ஊர் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது, ஏன் பல ஆற்றங்கரை மண்டபங்கள் தண்ணீரை விட்டுத் தள்ளி நிற்கின்றன, ஒன்றும் புரியவில்லை. அப்புறம் அலுவலகத்துக்கு லாஞ்ச்சில், அதாவது ஆற்றில் ஓடும் பயணிகள் படகில், போக ஆரம்பித்தேன். இரண்டே மாதத்தில் எல்லாம் விளங்கியது. இந்த ஊரை ஆறுதான் கட்டியது, ஆறுதான் அவ்வப்போது கலைக்கவும் செய்தது. அதனால் நீங்கள் போனால் ஆற்றிலிருந்து தொடங்குங்கள். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன். இரண்டு நாள் போதும், மூன்று நாள் கிடைத்தால் இன்னும் நல்லது.

முதலில் தண்ணீரின் நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

வரைபடத்தில் ஹூக்ளி என்று போட்டிருக்கும். ஊரில் யாரும் பேச்சில் அப்படிச் சொல்வதில்லை, எல்லோருக்கும் அது கங்கைதான். "கங்கார் தார்", அதாவது கங்கைக் கரை, என்று கேட்டால் ஆட்டோக்காரர் சரியான இடத்தில் இறக்கிவிடுவார்.

கடலிலிருந்து வரும் கப்பல் சாகர் தீவைக் கடந்து கொல்கத்தா வந்து சேர சுமார் 200 கிலோமீட்டர் ஏறி வர வேண்டும். அவ்வளவு உள்ளே இருந்தும் கடலின் ஏற்றமும் வற்றமும் ஊர் வரை வருகிறது, ஊரைத் தாண்டியும் போகிறது. ஒரு நாளில் இரண்டு முறை ஆறு வடக்கு நோக்கி, அதாவது பின்னோக்கி, ஓடும். முதல் தடவை பார்க்கும்போது மனசு ஏற்றுக்கொள்ளாது. காலையில் தெற்கே போன ஆகாயத்தாமரைக் கொத்துகள் மதியம் வடக்கே திரும்பிப் போய்க்கொண்டிருக்கும். ஏற்றத்தை ஜோயார் என்பார்கள், வற்றத்தை பாட்டா. ஏறுவது சீக்கிரம் நடந்துவிடும், இறங்குவதற்குத்தான் வெகு நேரம் எடுத்துக்கொள்ளும். நேரம் தினமும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். ஏற்ற வற்ற அட்டவணையைத் துறைமுகமே வெளியிடுகிறது, வானிலைத் தளங்களிலும் கிடைக்கும். ஓட்டல் பதிவு செய்யும்போதே அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அட்டவணை கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஜெட்டி, அதாவது படகில் ஏறி இறங்கும் துறை, சொல்லிவிடும். ஜெட்டிகள் மிதவைகளாக ஆற்றோடு ஏறி இறங்குபவை, கரையையும் மிதவையையும் ஒரு இரும்பு நடைபாலம் இணைக்கும். அந்தப் பாலம் சமமாகக் கிடந்தால் தண்ணீர் நிறைய இருக்கிறது. செங்குத்தாகக் கீழே இறங்கினால் வற்றம். வயதான பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும், வற்ற நேரத்தில் அந்தச் சரிவில் இறங்குவது முட்டிக்குப் பெரிய சோதனை. வற்றத்தில் படித்துறைகளின் கடைசிப் படிகளுக்கும் போகாதீர்கள். மேலே காய்ந்த மாதிரி தெரியும், மிதித்தால் கணுக்கால் வரை இழுக்கும் வண்டல்.

அமாவாசை பௌர்ணமி கணக்குக்கு வருகிறேன். அந்த நாட்களை ஒட்டி ஏற்றம் பெரிதாக இருக்கும்போது, கடல் தண்ணீர் ஒரு சுவராகவே ஆற்றில் ஏறி வரும். அதற்குப் பெயர் பான். மழைக்காலத்தின் பிற்பகுதியில் வரும் பெரிய பானுக்கு ஷாராஷாரிர் பான் என்று தனிப் பெயரே உண்டு, காளைகள் முட்டிக்கொள்வது போல வருவதால் அந்தப் பெயர். நான் முதல்முறை பார்த்தது அஹிரிடோலா படித்துறையில். கரையில் கட்டியிருந்த படகுகளை எல்லாம் திடீரென்று அவிழ்த்து நடு ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள், குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேலே ஏறினார்கள், யாரோ "பான் ஆஷ்சே" என்று கத்தினார்கள், அதாவது பான் வருகிறது. ஒரு நிமிடம் எதுவும் நடக்கவில்லை. பிறகு தெற்கே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது, அது நெருங்க நெருங்க இரைச்சல், படிகளில் மோதிப் பாதி படித்துறையை நனைத்துவிட்டு வடக்கே போய்விட்டது. ஆழமான நடு ஆற்றில் அது வெறும் ஏற்றமாகத் தூக்கிவிட்டுப் போய்விடும், ஆழம் குறைந்த கரையோரத்தில்தான் உடைந்து அடிக்கும், படகுகளை நடுவே கொண்டுபோனது அதனால்தான். அன்று ஃபெரி கொஞ்ச நேரம் நிறுத்தப்பட்டது. பானைப் பார்க்க விரும்பினால் படித்துறையின் மேல்தளத்தில் நின்று பாருங்கள், கீழ்ப்படிகளில் நின்று வீடியோ எடுக்கவே வேண்டாம். வருடா வருடம் ஆட்களை இழுத்துக்கொண்டு போகிற தண்ணீர் அது.

ஊருக்குள் நுழைவது லாஞ்ச்சில்

சென்னையிலிருந்து ஹவுரா மெயிலில் போனால் ஹவுராவில் இறங்குவீர்கள். கோரமண்டல் இப்போது ஷாலிமாரோடு நின்றுவிடுகிறது, அதுவும் அதே அக்கரைதான், அங்கிருந்து ஒரு வண்டி பிடித்து ஹவுரா வந்துவிடலாம். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். பெரிய மூட்டை முடிச்சு இல்லையென்றால் அவர்களைத் தாண்டி நேரே ஆற்றுப் பக்கம் போங்கள், ஃபெரி ஜெட்டி பக்கத்திலேயே இருக்கிறது. ஃபேர்லி, பாபுகாட், ஆர்மேனியன், ஷோபாபஜார், அஹிரிடோலா, பாக்பஜார் என்று பல படித்துறைகளுக்கு லாஞ்ச் போகும். டிக்கெட் சில ரூபாய்தான், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். முதல் பயணத்துக்கு ஃபேர்லி எடுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது.

அந்தப் பத்து நிமிடத்தில் இடது பக்கம் பாருங்கள். ஹவுரா பாலம். இதைப் பாலத்தின் மேல் நடந்து பார்ப்பதைவிட தண்ணீரிலிருந்து பார்ப்பதுதான் சரி, ஏனென்றால் இதில் முக்கியமான விஷயம் ஆற்றுக்குள் இல்லாத ஒன்று. ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. இரண்டு கரையிலும் இரண்டு கோபுரம், நடுவே 457 மீட்டர் அந்தரத்தில் நிற்கிறது. இந்த ஆறு வண்டல் சுமக்கிற ஆறு. நடுவில் எதையாவது நட்டால் அதைச் சுற்றி மணல் சேரும், கப்பல் பாதை கெடும். துறைமுகம்தான் ஊரின் சோறு, அதனால் பாலம் ஆற்றைத் தொடாமல் நிற்க வேண்டியதாயிற்று. 26,500 டன் எஃகு, பெரும்பகுதி டாடா ஆலையில் செய்தது, நட்டு போல்ட் இல்லாமல் முழுக்க ரிவெட் அடித்துக் கட்டியது. 1943 பிப்ரவரியில், ஜப்பான் குண்டு வீசும் பயம் இருந்த நேரத்தில், விழா எதுவும் இல்லாமல் திறந்துவிட்டார்கள். இன்றைக்கும் பாலத்தைப் பராமரிப்பது துறைமுகம்தான்.

அதற்கு முன்னால் 1874 முதல் அந்த இடத்தில் மிதவைப் பாலம் இருந்தது. கப்பல் போக வேண்டும் என்றால் நடுப்பகுதியைப் பிரித்து ஒதுக்குவார்கள், இரு கரையிலும் மாட்டு வண்டிகள் காத்துக் கிடக்கும். அதற்கும் முன்னால் பாலமே இல்லை. 1854இல் ரயில் வந்தபோது ஆற்றைத் தாண்டி வர வழியில்லாததால் நிலையத்தை அக்கரையில் கட்டினார்கள், பயணிகள் ஆர்மேனியன் காட் என்ற படித்துறையிலிருந்து படகில் போய் ரயில் ஏறினார்கள். ரயில் நிலையம் ஏன் ஊருக்கு வெளியே இருக்கிறது என்ற என் கேள்விக்கு இதுதான் பதில். அந்தப் பழைய பயணிகள் வந்த வழியிலேயே நீங்களும் ஊருக்குள் வருகிறீர்கள்.

பாலத்தின் கிழக்குக் காலடியில் மல்லிக் காட் பூச்சந்தை. இதற்கு மட்டும் விடியற்காலையில் தனியாக வாருங்கள், ஆறு மணிக்கு முன்னால். செண்டுமல்லிச் சரங்கள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும், சுமைக்காரர்கள் தலையில் மலை போல ஏற்றிக்கொண்டு ஓடுவார்கள், அவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நில்லுங்கள், நடுவில் நின்று படம் எடுக்காதீர்கள். கீழே படித்துறையில் அதே நேரம் குளியல், பூஜை, மல்யுத்தப் பயிற்சி எல்லாம் நடக்கும்.

ஆறு விட்டுப்போன இடங்களை நடந்து பாருங்கள்

ஃபேர்லியில் இறங்கி கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் பெரிய வெள்ளைக் குவிமாடத்தோடு பொது அஞ்சலகம், 1868இல் கட்டியது. அதன் படிகள் பக்கம் பித்தளைக் கோடு ஒன்று பதித்திருக்கிறார்கள், தேடிப் பாருங்கள். முதல் வில்லியம் கோட்டையின் எல்லை அது. 1756இல் வங்காள நவாப் சிராஜ் உத் தௌலா ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தது இந்தக் கோட்டையைத்தான். சரி, இப்போது அங்கே நின்று ஆற்றுப் பக்கம் திரும்புங்கள். ஆறு தெரியாது. நடுவில் கட்டடங்கள், தெருக்கள், ஸ்ட்ராண்ட் ரோடு, ரயில் தண்டவாளம். அன்றைக்கு ஆற்றுத் தண்ணீர் கோட்டையின் மேற்குச் சுவர் வரை வந்துகொண்டிருந்தது. ஆறு மேற்கே ஒதுங்க ஒதுங்க, வண்டல் சேர்ந்த கரையைத் தூர்த்து 1820களில் ஸ்ட்ராண்ட் ரோட்டைப் போட்டார்கள். நீங்கள் நடந்து வந்த தூரம் முழுக்க ஒரு காலத்தில் ஆறு.

அப்படியே தெற்கே ஸ்ட்ராண்ட் வழியாக நடங்கள். வழியில் பழைய கிடங்குகள், 1830இல் ராஜ்சந்திர தாஸ் கட்டிய பாபு காட், பெரிய தூண்களோடு. ஜனவரியில் போனால் கங்காசாகர் யாத்திரை போகும் சாதுக்கள் இந்தப் பக்கம்தான் கூடாரம் போட்டிருப்பார்கள். ராஜ்சந்திர தாஸின் மனைவிதான் ராணி ராஷ்மோனி. ஆற்றில் மீன் பிடிக்கிறவர்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி வரி போட்டபோது அவர் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, அதற்குக் குறுக்கே சங்கிலி கட்டிக் கப்பல்களை நிறுத்தினார், வரி போனது என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். இந்த ஊர்க்காரர்களின் குணம் தெரிய வேண்டும் என்றால் இந்த ஒரு கதை போதும் என்பது என் எண்ணம். வடக்கே தட்சிணேஸ்வரம் கோயிலை 1855இல் கட்டியதும் அவரே. அதுவும் ஆற்றங்கரையில்தான், அங்கிருந்து எதிர்க்கரை பேலூர் மடத்துக்குப் படகில் போவது ஒரு நல்ல மாலைப்பொழுது.

நடையின் முடிவில் பிரின்செப் காட். பிராமி எழுத்தைப் படித்து அசோகரின் கல்வெட்டுகளைத் திறந்துவிட்ட ஜேம்ஸ் பிரின்செப்பின் நினைவாக 1840களின் தொடக்கத்தில் கட்டிய மண்டபம். கல்வெட்டு ஆர்வம் உள்ள தமிழர்கள் ஒரு நிமிடம் நின்று வணங்க வேண்டிய இடம், நம் தமிழி எழுத்துகளைப் படிக்க முடிந்ததற்கும் அங்கிருந்துதான் வழி பிறந்தது. ஆற்றில் வந்து இறங்குகிறவர்களை வரவேற்கக் கட்டிய இந்த மண்டபத்திலிருந்து இப்போது தண்ணீரைத் தொட வேண்டும் என்றால் தண்டவாளத்தைத் தாண்டி நடக்க வேண்டும். ஆறு விலகிப்போய்விட்டது, மண்டபம் அங்கேயே நிற்கிறது. சாயங்காலம் இங்கே வாடகைப் படகில் ஏறி வித்யாசாகர் பாலத்துக்கு அடியில் போய்வரலாம், ஏறும் முன் விலை பேசிவிடுங்கள். தண்டவாளத்தில் வரும் ரயில் சக்ர ரயில், ஆற்றங்கரையை ஒட்டியே வடக்கே பாக்பஜார் வரை போகும். கால் வலித்தால் அதில் ஏறிக்கொள்ளுங்கள். துர்கா சிலைகளைக் கரைக்கும் நாட்களில் மட்டும் அதை நம்பாதீர்கள், கூட்டத்துக்காக நிறுத்தி வைப்பார்கள்.

இன்னொரு விஷயம், கண்ணுக்குத் தெரியாதது. நம் ஊரில் ஆற்றை நோக்கித்தான் நிலம் சரியும் என்று நினைத்துப் பழகியிருக்கிறோம். இங்கே தலைகீழ். ஆறு வெள்ளத்தில் வண்டலைக் கொட்டிக் கொட்டித் தன் கரையையே மேடாக்கிவிட்டது, ஊர் அந்த மேட்டின் மேல் வடக்கு தெற்காக நீண்டது. நிலம் ஆற்றை விட்டுக் கிழக்கே சரிகிறது. அதனால் ஊர்க் கழிவுநீர் கிழக்கே ஓடி, அங்கே ஈரநிலங்களில் தேங்கி, வெயிலிலும் பாசியிலும் சுத்தமாகி, மீன் வளர்க்கும் குளங்களுக்குப் போகிறது. 125 சதுர கிலோமீட்டர், 2002இல் ராம்சார் பட்டியலில், அதாவது முக்கியமான ஈரநிலங்களின் உலகப் பட்டியலில், சேர்ந்தது. நீங்கள் மதியம் சாப்பிடும் மீன் அங்கிருந்து வந்ததாக இருக்கலாம். நேரம் இருந்தால் பைபாஸ் தாண்டி ஒரு நடை போய்ப் பாருங்கள்.

மண்ணைத் தேடி வடக்கே

சிலை செய்யும் குயவர்களின் பகுதியான குமார்டுலிக்கு எல்லோரும் போகிறார்கள், ஆனால் பெரும்பாலும் மெட்ரோவில் இறங்கித் தெருப் பக்கமாகப் போய்ச் சிலைகளைப் படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். நீங்கள் ஆற்றுப் பக்கமாகப் போங்கள். ஷோபாபஜார் ஜெட்டியில் இறங்கி நடந்தால், இந்தக் குயவர்கள் ஏன் இங்கே குடியிருக்கிறார்கள் என்பது சொல்லாமலே புரியும். களிமண்ணும் வைக்கோலும் படகில் வந்து இறங்கிய கரை இது. மூங்கில் சட்டம், அதன் மேல் வைக்கோல் உடம்பு, அதன் மேல் பிசுபிசுப்பான எண்டெல் மாட்டி என்ற களிமண், கடைசியில் மிருதுவான மண் பூச்சு. ஜூலை முதல் செப்டம்பர் வரை போனால் தலையில்லாத துர்கைகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம், தலையைத் தனியாகச் செய்து பிறகு பொருத்துவார்கள். வேலை செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள், சந்துகள் மிகக் குறுகல், தோள் பட்டு ஒரு விரல் உடைந்தால் அவர்களுக்கு அரை நாள் வேலை.

பூஜை முடிந்து விஜயதசமியிலிருந்து அதே சிலைகள் ஆற்றுக்குத் திரும்புகின்றன. மண் கரைந்து போகும், சட்டமும் வைக்கோலும் மிதக்கும், அவற்றைக் கிரேன் வைத்து உடனே எடுத்துவிடுகிறார்கள். கரையோரப் பையன்கள் நீந்திப்போய்ச் சட்டங்களை இழுத்து வந்து விற்பதும் உண்டு, அடுத்த வருடச் சிலைக்கு அது மறுபடி உதவும். தேநீர் குடிக்கிற மண் குவளையும் இந்த வண்டல் பூமியின் களிமண்தான்.

கொஞ்சம் தெற்கே நிம்தலா சுடுகாடு. 1941இல் தாகூரை எரித்த இடம். ஆற்றைப் பார்த்தபடி நினைவு மண்டபம் இருக்கிறது, அமைதியாகப் போய் வரலாம்.

பழைய ஆறு எங்கே போனது

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஆனால் பார்க்க அழகாக இருக்காது என்று முன்பே சொல்லிவிடுகிறேன்.

காளிகாட் போகிறீர்கள் அல்லவா, காளி தரிசனம் முடிந்ததும் கோயிலுக்குப் பின்பக்கம் படித்துறை எங்கே என்று கேட்டுப் போங்கள். ஒரு கறுத்த கால்வாய் ஓடும், நாற்றம் அடிக்கும். அதன் பெயர் ஆதிகங்கை. சில நூற்றாண்டுகளுக்கு முன் கங்கை கடலுக்குப் போன முக்கிய வழி இது. காளிகாட் என்றால் காளியின் படித்துறை, பெரிய ஆற்றின் கரையில் இருந்ததால் வந்த பெயர். பிறகு ஆறு தன் தண்ணீரை மேற்கே இப்போதைய பாதைக்கு மாற்றிக்கொண்டது, இது தூர்ந்தது. 1775 வாக்கில் வில்லியம் டோலி என்ற கர்னல் படகுப் போக்குவரத்துக்காக மறுபடி வெட்டினார், டோலிகஞ்ச் என்ற பெயர் அவரால் வந்தது. இப்போது மெட்ரோ ரயிலின் தூண்களைத் தெற்கே அந்தக் கால்வாய்க்குள்ளேயே நட்டு வைத்திருக்கிறார்கள். ஹவுரா பாலத்துக்காக ஆற்றில் ஒரு தூண் நடாமல் அவ்வளவு யோசித்த ஊர், அதன் மூத்த ஆற்றுக்குள் வரிசையாகத் தூண் நட்டதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் வயிறு எரியும்.

கொல்கத்தா பிறந்ததே இப்படி ஓர் ஆறு தூர்ந்ததால்தான். வடக்கே சரஸ்வதி ஆற்றின் கரையில் சப்தகிராம் என்ற பெரிய துறைமுகம் இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் அந்த ஆறு வண்டலில் மூச்சடைக்க, வியாபாரம் ஹூக்ளிக் கரைக்கு நகர்ந்தது. ஆடை வியாபாரிகள் கிழக்குக் கரையில் சந்தை போட்டார்கள், அந்த இடம் சுதானுட்டி, பெயரிலேயே நூற்கண்டு இருக்கிறது. 1690 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் வந்து இறங்கியது அங்கேதான். கிழக்குக் கரையோரம் தண்ணீர் ஆழம், பெரிய கப்பல் நிற்கும், மேற்கிலிருந்து யாராவது படை எடுத்து வந்தால் ஆறே அகழி. சார்னாக்தான் ஊரை நிறுவினார் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம், அப்படிச் சொல்ல முடியாது என்று கொல்கத்தா உயர் நீதிமன்றம் 2003இல் தீர்ப்பே கொடுத்தது. சந்தை ஏற்கனவே இருந்தது, சந்தையை அங்கே கொண்டுவந்தது ஆறு.

வண்டல் கொல்கத்தாவையும் விடவில்லை. ஊருக்குத் தெற்கே தாமோதரும் ரூப்நாராயணும் வந்து கலக்கும் பகுதியில் ஜேம்ஸ் அண்ட் மேரி என்ற மணல்திட்டு இருக்கிறது, 1694இல் அங்கே மூழ்கிய கப்பலின் பெயர். நகர்ந்துகொண்டே இருக்கும் இப்படிப்பட்ட மணலுக்கு நடுவே கப்பலைக் கொண்டுவர ஆற்றின் போக்கை மனப்பாடமாகத் தெரிந்த பைலட்டுகள், அதாவது கப்பலுக்கு வழிகாட்டும் மாலுமிகள், தேவைப்பட்டார்கள், இன்றும் தேவைப்படுகிறார்கள். 1975இல் ஃபரக்கா அணை கட்டி, 38 கிலோமீட்டர் கால்வாய் வெட்டி, கங்கையின் தண்ணீரைத் திருப்பிவிட்டது இந்தத் துறைமுகத்தின் வண்டலை அடித்துக்கொண்டு போகத்தான். வங்கதேசத்தோடு அதனால் தீராத மனக்கசப்பு. தூர்வாருவதும் நிற்கவில்லை. பெரிய கப்பல்களுக்காக 1977இல் கடலுக்குப் பக்கத்தில் ஹால்டியாவில் இன்னொரு துறைமுகம் திறக்க வேண்டி வந்தது.

துறைமுகப் பக்கம்

கிதிர்பூர் துறைமுகம் 1892இல் திறந்தது. ஏற்றமும் வற்றமும் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் மாறுகிற ஆற்றில் கப்பலை நேராகக் கரையில் கட்டிவைக்க முடியாது என்பதால், உள்ளே பெரிய தொட்டி மாதிரி வெட்டி, கதவு போட்டுத் தண்ணீரை அடைத்து வைத்திருக்கிறார்கள். ஏற்றத்தோடு வந்து கதவு வழியாக உள்ளே போகும் கப்பல் அங்கே ஆடாமல் நிற்கும். உள்ளே அனுமதி இல்லாமல் விட மாட்டார்கள், வாசலில் வாதாட வேண்டாம். தெருவிலேயே நின்றால் போதும், கப்பல் போகும்போது சாலைப் பாலம் திறக்கும், பேருந்துகள் வரிசையாக நிற்கும், வீடுகளுக்கு நடுவே ஒரு கப்பல் மெல்ல நகர்ந்து போகும். எனக்கு ஒரு தடவை அந்தக் காட்சி வாய்த்தது.

இந்தக் கரையிலிருந்துதான் 1834 முதல் பல்லாயிரக்கணக்கான பேர் கூலி ஒப்பந்தத்தில் மொரிஷியசுக்கும் டிரினிடாடுக்கும் ஃபிஜிக்கும் சூரிநாமுக்கும் கப்பல் ஏறினார்கள். சூரிநாம் காட் என்றே ஒரு படித்துறைக்குப் பெயர், நினைவுச் சின்னமும் இருக்கிறது. மெட்ராஸிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் நம் ஆட்கள் போன அதே கதை. கொஞ்சம் விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும், அலைச்சலுக்குத் தகுதியான இடம்.

இன்னும் மேற்கே மெடியாப்ருஸ். 1856இல் நாட்டை இழந்து வந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா தங்கிய ஆற்றங்கரை. பிரியாணியில் முழு உருளைக்கிழங்கு போடும் கொல்கத்தா வழக்கம் அவர் சமையலறையிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். மதியச் சாப்பாட்டை அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் கிடைத்தால்

ஹவுராவிலிருந்து பண்டேல் லோக்கல் ரயிலில் ஏறி ஆற்றோடு வடக்கே போங்கள். முதலில் சேராம்பூர், 20 கிலோமீட்டர். டென்மார்க்காரர்கள் 1755இல் வந்து இருந்த ஊர். 1845இல் அவர்கள் இதையும் நம் தரங்கம்பாடியையும் ஒன்றாகத்தான் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். தரங்கம்பாடி போயிருக்கிறவர்களுக்கு இங்கே தெருவின் அகலமும் தேவாலயத்தின் சாயலும் பழகிய மாதிரி இருக்கும். அங்கே தமிழில் அச்சடித்த மாதிரி இங்கே 1800இலிருந்து வங்காளத்திலும் இன்னும் பல மொழிகளிலும் அச்சடித்தார்கள்.

அடுத்து சந்தன்நகர், பிரெஞ்சுக்காரர்களின் ஊர். புதுச்சேரிக்கு வந்து பெயர் வாங்கும் முன் டூப்ளே பத்து வருடத்துக்கு மேல் இங்கேதான் தலைமை அதிகாரியாக இருந்தார். ஆற்றங்கரை உலாவீதி, நிழல் மரங்கள், பெஞ்சுகள், சாயங்காலம் குடும்பம் குடும்பமாக மக்கள். புதுச்சேரிக் கடற்கரையில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும், அலைச் சத்தம் மட்டும் இருக்காது. கடைசியாக பண்டேலில் போர்த்துகீசியர் 1599இல் தொடங்கிய தேவாலயம், பக்கத்தில் ஹூக்ளி இமாம்பாரா, அதன் மணிக்கூண்டில் ஏறினால் ஆறு நெடுந்தூரம் வளைந்து போவது தெரியும். ஒரே நாளில் மூன்றையும் அவசரமாக முடிப்பதைவிட இரண்டை நிதானமாகப் பாருங்கள் என்பேன். திரும்பும்போது சேராம்பூரில் படகு பிடித்து எதிர்க்கரை பாரக்பூர் போய், அங்கிருந்து சியால்டா ரயிலில் வரலாம். இரண்டு கரையையும் பார்த்த மாதிரி ஆகும், வழி நெடுக மூடியதும் ஓடுவதுமாகச் சணல் ஆலைகளின் புகைபோக்கிகள்.

சில்லறை விஷயங்கள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடக்க ஏற்ற காலம். ஆற்றை அதன் முழு வேகத்தில் பார்க்க வேண்டும் என்றால் ஆகஸ்ட், செப்டம்பர், ஆனால் குடையும் வழுக்காத செருப்பும் வேண்டும். இலிஷ் மீன் ஆறேறி வருவதும் மழைக்காலத்தில்தான். முள் அதிகம், அவசரப்படாமல் சாப்பிடுங்கள். நம் ஊர்ச் சாப்பாடு இல்லாமல் இருக்க முடியாதவர்கள் லேக் மார்க்கெட் பக்கம் அறை எடுக்கலாம், தமிழர்கள் தலைமுறைகளாக இருக்கிற பகுதி, இட்லியும் வாழையிலையும் கிடைக்கும்.

லாஞ்ச் இரவு வெகு நேரம் ஓடாது, ஏறும்போதே கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று டிக்கெட் கொடுப்பவரிடம் கேட்டுவிடுங்கள். தவறவிட்டால் மெட்ரோ இருக்கிறது. 2024 மார்ச்சிலிருந்து எஸ்பிளனேடிலிருந்து ஹவுராவுக்கு ஆற்றுக்கு அடியில் ரயில் போகிறது. ஆற்றுக்குக் கீழே இருக்கும் பகுதி சுமார் 520 மீட்டர், முக்கால் நிமிடத்தில் கடந்துவிடும், சுரங்கச் சுவரில் நீல விளக்கு எரியும்போதுதான் தலைக்கு மேல் ஆறு இருக்கிறது. ஊரை விட்டுக் கிளம்பும் அன்றைக்கு இதில் ஹவுரா போங்கள், ரயிலுக்கு அரை மணி நேரம் மிச்சம் இருந்தால் மேலே வந்து ஜெட்டியின் நடைபாலத்தை ஒரு தடவை பாருங்கள், ஏற்றமா வற்றமா என்று இப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.